ஒலியட்டையும் ஆறு ஒலிபெருக்கிகளும்: இசையும் மின்னணுவும் சேர்ந்து எழுதிய வரலாறு



மேசைக் கணினியின் பின்புறத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் எனச் சிறு வட்டத் துளைகள் வரிசையாகத் தென்படும். சில கணினிகளில் கறுப்பு, ஆரஞ்சு, சாம்பல் நிறத் துளைகளும் இருக்கும். பச்சைத் துளையில் ஒலிபெருக்கியைச் செருகியதோடு நம்மில் பெரும்பாலோரின் வேலை முடிந்துவிடுகிறது. எஞ்சிய துளைகள் எதற்கு? அவற்றை அங்கே வைத்தவர்கள் யார்?

இவ்வினாக்களுக்கு விடை தேடினால் ஏறத்தாழ 90 ஆண்டுகால வரலாறு விரிகிறது. அதன் முதன்மையான ஓர் அத்தியாயம் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் எழுதப்பட்டது என்பது நம் பிள்ளைகளுள் பலருக்குத் தெரியாது.

இவ்வரலாற்றை ஆசிரியரும் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் கருதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சந்திப்புகளில் அடிக்கடி ஒலிக்கும் கூற்று ஒன்று: "பாட்டு, வாத்தியம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கணிதமும் அறிவியலும்." ஆசிரியர்களாகிய நாமும் அதற்குத் தலையசைத்துவிடுகிறோம். கணினிக்குக் குரல் கிடைத்த வரலாற்றைப் படிப்போர்க்கு அவ்வாறு தலையசைப்பது எளிதாக இராது. அதன் திருப்புமுனைகள் பலவற்றிலும் ஒரு கையில் இசையும் மறு கையில் மின்னணுவும் ஏந்திய மனிதர் ஒருவர் நிற்கிறார்.

இரண்டு செவிகளும் ஒரு பொறியாளரும்

ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை நாம் எப்படி அறிகிறோம்? வலப்புறம் எழும் ஒலி வலச்செவியை முதலில் அடைகிறது. இடச்செவியை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்துடன் அடைகிறது. இடையில் தலை மறைப்பதால் இடச்செவியில் ஒலி சற்று மெலிந்தும் விழுகிறது. இந்நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையைக் கணித்துவிடுகிறது.

இவ்வியற்கை உண்மையை ஒலிப்பதிவுக்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடி, இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைன். இ.எம்.ஐ. என்னும் இசைத்தட்டு நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். திரைப்படத்தில் நடிகர் திரையின் ஓர் ஓரத்தில் நின்று பேசும்போது குரல் மட்டும் வேறிடத்திலிருந்து வருவது அவருக்கு உறுத்தலாக இருந்தது. இருவழி ஒலிப்பதிவுக்கான தம் காப்புரிமை விண்ணப்பத்தை 1931 டிசம்பரில் அவர் பதிவு செய்தார். இன்று நாம் ஸ்டீரியோ என்று சொல்லும் முறையின் அடிப்படைகள் அதில் அடங்கியுள்ளன. 1934இல் இலண்டன் அபே ரோடு கூடத்தில் தாமஸ் பீச்சம் நடத்திய இசைக்குழுவின் ஒத்திகையைப் பதிவு செய்து தம் முறையைச் சோதித்தார். இரண்டாம் உலகப்போரின்போது ராடார் கருவியைச் சோதிக்கச் சென்ற விமானம் 1942 ஜூனில் வீழ்ந்து நொறுங்கியதில் பிளம்லைன் மாண்டார். அப்போது அவருக்கு வயது 38.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஓர் அரிய சோதனை நிகழ்ந்தது. 1933 ஏப்ரலில் பிலடெல்பியா நகரில் இசைக்குழு வாசிக்க, அதன் ஒலி மூன்று தனித்தனி வழிகளாகத் தொலைபேசிக் கம்பியில் வாஷிங்டன் அரங்கை அடைந்தது. அவ்வரங்கில் ஒலியளவுக் கட்டுப்பாட்டுப் பொறியின் முன் அமர்ந்திருந்தவர் அவ்விசைக்குழுவின் நடத்துநரான லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி. இசை நடத்துநர் ஒருவர் கோலை வைத்துவிட்டுக் குமிழ்களைத் திருப்பிய நாள் அது. இதே ஸ்டொகோவ்ஸ்கிதான் வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' திரைப்படத்துக்கு இசை நடத்தினார். 1940இல் வெளிவந்த அப்படத்துக்காகவே 'ஃபேன்டசவுண்ட்' என்னும் பல்வழி ஒலிமுறை உருவாக்கப்பட்டது. கருவிகளின் விலை மிகுதியாக இருந்தமையால் ஒரு சில அரங்குகளில் மட்டுமே அதைப் பொருத்த முடிந்தது. எனினும் கேட்போரைச் சுற்றி ஒலி எழுப்பலாம் என்னும் எண்ணம் அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

வீடு தோற்றது, திரையரங்கு வென்றது

1970களில் இவ்வெண்ணம் வீடுகளை நாடி வந்தது. அறையின் நான்கு மூலைகளிலும் நான்கு ஒலிபெருக்கிகள் வைக்கும் 'குவாட்ரஃபோனிக்' முறையை நிறுவனங்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறையைக் கையாண்டது. ஒருவரின் இசைத்தட்டு மற்றொருவரின் கருவியில் முறையாக ஒலிக்கவில்லை. மக்கள் குழம்பினர், சில ஆண்டுகளிலேயே அம்முறை வழக்கொழிந்தது.

திரையரங்குகளில் நிலைமை வேறாக இருந்தது. 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகள் அமைப்பின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றிய ரே டால்பி, 1965இல் இலண்டனில் தம் ஆய்வகத்தைத் தொடங்கினார். ஒலிநாடாவின் இரைச்சலைக் குறைக்கும் கருவியோடு தொடங்கிய அந்நிறுவனம், 1970களின் நடுவில் திரைப்படங்களுக்கு 'டால்பி ஸ்டீரியோ' முறையை அளித்தது. 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு எண்மின் முறையில் 5.1 ஒலி திரைக்கு வந்தது. மறு ஆண்டில் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு டி.டி.எஸ். என்னும் போட்டி முறையும் வந்தது.

5.1 என்றால் என்ன என்று மாணவர் கேட்பதுண்டு. முன்னிடம், முன்வலம், நடு, பின்னிடம், பின்வலம் ஆகிய ஐந்தும் முழு ஒலிவழிகள். இடி, வெடி, முரசு போன்ற தாழ்ந்த அதிர்வுகளை மட்டும் தாங்கும் ஆறாவது வழி, முழுமையான வழி அன்று என்பதைக் குறிக்கவே புள்ளிக்குப் பின் 1 என்று எழுதப்படுகிறது.

கமகம் தந்த கண்டுபிடிப்பு

இனிக் கணினியின் பக்கம் வருவோம். கணினியைக் கொண்டு முதன்முதலில் இசையைத் தொகுத்தளித்த மென்பொருள்களுள் ஒன்றை 1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எழுதியவர் மேக்ஸ் மேத்யூஸ். அவர் பொறியாளர், வயலின் வாசிப்பவரும்கூட. அவருடைய முதல் இசைத்துண்டின் நீளம் 17 விநாடி.

மேத்யூஸ் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்து வியந்தவர் ஜான் சௌனிங். இவர் இசையமைப்பாளர், தாளக் கருவி வாசித்தவர், பாரிஸ் சென்று இசை பயின்று வந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசைத்துறை மாணவராக இருந்தபோது, கணினி அனுபவம் ஏதுமின்றியே பெல் ஆய்வகத்துக்குச் சென்று மேத்யூஸின் மென்பொருளைத் துளையட்டைக் கட்டாகப் பெற்று வந்தார். அவருடைய கனவு என்ன தெரியுமா? நான்கு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே அமர்ந்திருப்பவரைச் சுற்றி ஒலி பறந்து திரிய வேண்டும் என்பதே. சூழொலி என்று இன்று நாம் சொல்வதைத்தான் அவர் 1960களில் கணினிக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

அத்தேடலின் இடையில் 1967இல் வேறொன்று கிடைத்தது. ஒரு சுரத்தை அசைத்து அசைத்துப் பாடுவதை நம் இசையில் கமகம் என்கிறோம். வயலின் கலைஞர் விரலை அசைத்து எழுப்பும் நடுக்கமும் அதைப் போன்றதே. சௌனிங் கணினியில் ஒரு சுரத்தின் அசைவை வேகப்படுத்திக்கொண்டே போனார். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அசைவு செவிக்குப் புலப்படவில்லை. முற்றிலும் புதியதொரு நாதம் எழுந்தது. சற்று மாற்றினால் மணியோசை. மேலும் மாற்றினால் எக்காள ஓசை. மிகச் சிறிய கணக்கைக் கொண்டு வளமான ஒலிகளை உருவாக்க வழி பிறந்தது. அதிர்வெண் பண்பேற்ற முறை என்று இது பெயர் பெற்றது. இயற்பியல் நூல்களில் வானொலிப் பாடத்தில் நாம் படித்த அதே கணக்கு, இசைக்கலைஞர் ஒருவரின் செவியால் புதிய பயனைக் கண்டது.

இதன் மதிப்பைப் பல்கலைக்கழகம் உடனே உணரவில்லை. சௌனிங்குக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. அமெரிக்க இசைக்கருவி நிறுவனங்களும் ஆர்வம் காட்டவில்லை. ஜப்பானின் யமஹா நிறுவனம்தான் உரிமம் பெற்றது. பின்னர்ச் சௌனிங் ஸ்டான்ஃபோர்டுக்கே திரும்ப அழைக்கப்பட்டார். அப்பல்கலைக்கழகத்துக்கு மிகுதியான வருவாய் ஈட்டித்தந்த காப்புரிமைகளுள் ஒன்றாக அவருடைய கண்டுபிடிப்பு விளங்கியது. 1983இல் யமஹா வெளியிட்ட டி.எக்ஸ்.7 என்னும் இசைப்பலகை இம்முறையில் இயங்கியதே. அதன் எளிய வடிவம் ஒரு சிறு சில்லுக்குள் அடங்கியபோது, சொந்தக் கணினிகளுக்கு இசை கிடைக்கும் வாயில் திறந்தது.

'பீப்' ஒலியும் கியூபெக் பேராசிரியரும்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் சொந்தக் கணினியை வெளியிட்டபோது அதனுள் இருந்தது ஒரே ஒரு சிறு ஒலிபெருக்கி. தவறு நேர்ந்தால் 'பீப்' என ஒலிக்கும். ஒரு நேரத்தில் ஒரே சுரத்தைத்தான் எளிதாக எழுப்பும். அலுவலகத்துக்கென்று செய்த பொறிக்கு இதற்கு மேல் ஒலி தேவையில்லை என்று அதனை வடிவமைத்தோர் எண்ணினர் போலும்.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர்களுள் ஒருவர் கனடாவின் கியூபெக் நகரைச் சேர்ந்த மார்ட்டின் பிரெவெல். லவால் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தவர். 1987இல் அவருடைய 'ஆட் லிப்' நிறுவனம் கணினிக்குள் செருகும் இசையட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. யமஹாவின் சில்லே அதன் உயிர். ஒரே நேரத்தில் 9 குரல்கள் எழும். 1988இல் வெளிவந்த 'கிங்ஸ் குவெஸ்ட் 4' என்னும் கணினி விளையாட்டு அதை ஆதரித்தது. அது வரை 'பீப்' ஒலியோடு வாழ்ந்தவர்கள் முதன்முறையாகக் கணினியில் இசைக்குழுவின் சாயலைக் கேட்டனர்.

சிங்கப்பூரின் அத்தியாயம்

ஐ.பி.எம். கணினி வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1981 ஜூலை முதல் நாள், சிங்கப்பூர்ச் சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டர் என்னும் கட்டடத்தில் ஒரு சிறு கணினிக்கடை திறக்கப்பட்டது. திறந்தவர்கள் சிம் வோங் ஹூவும் அவருடைய நண்பர் இங் காய் வாவும். கடையின் பெயர் கிரியேட்டிவ் டெக்னாலஜி.

சிம் 1955இல் பிறந்தவர். புக்கிட் பாஞ்சாங் கம்பத்தில் வளர்ந்தவர். நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1975இல் வெளிவந்தார். இன்று அது நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி என வழங்குகிறது. பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் இல்லை. மவுத் ஆர்கனும் அக்கார்டியனும் வாசிக்கும் ஆர்வம் இருந்தது. மின்னணுக் கருவிகளைப் பிரித்துப் பூட்டும் திறனும் இருந்தது. இவை இரண்டும் சேர்ந்ததால், பேசவும் பாடவும் வல்ல கணினியைச் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் அவரை விடாமல் பற்றிக்கொண்டது.

1986இல் சீன மொழியும் வண்ணப் படங்களும் ஒலியும் கொண்ட 'கியூபிக் சி.டி.' கணினியை அவர் நிறுவனம் வெளியிட்டது. அது விலை போகவில்லை. கணினியை விட்டு அதன் ஒலிப்பகுதியை மட்டும் தனி அட்டையாக்கினர். 1987இல் வந்த அவ்வட்டையின் பெயர் 'கிரியேட்டிவ் மியூசிக் சிஸ்டம்'. ஒரே நேரத்தில் 12 குரல்கள் எழுப்பும் அவ்வட்டையை எடுத்துக்கொண்டு 1988இல் சிம் அமெரிக்கா சென்றார். அங்கே அது 'கேம் பிளாஸ்டர்' என்னும் புதுப்பெயரில் விற்கப்பட்டது. ஆயினும் ஆட் லிப் அட்டையின் ஒலிநயமே மேலானது என்பதை விளையாட்டு நிறுவனங்கள் அறிந்திருந்தன.

1989இல் வெளிவந்த 'சவுண்ட் பிளாஸ்டர்' நிலைமையை மாற்றியது. ஆட் லிப் அட்டையில் இருந்த அதே யமஹா சில்லு இதிலும் இருந்தது. ஆகவே ஆட் லிப்புக்காக எழுதப்பட்ட எல்லா விளையாட்டுகளும் இதிலும் பாடின. அதற்கு மேல் மனிதக் குரலைப் பதிவு செய்யவும் திரும்ப ஒலிக்கவும் வசதி இருந்தது. ஒலிவாங்கியைச் செருகத் துளை இருந்தது. விளையாட்டுக் கைப்பிடியைச் செருகும் இடமும் இருந்தது. தனியாக அதற்கோர் அட்டை வாங்க வேண்டியதில்லை. இசையோடு பேச்சும் கிடைத்ததால் மக்கள் இதையே நாடினர். ஆட் லிப் நிறுவனம் 1992இல் நொடித்துப்போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் கிரியேட்டிவ், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனமாயிற்று.

மொழியாசிரியர்கள் இங்கே ஒரு நொடி நிற்கலாம். ஒலிவாங்கித் துளை இல்லாத கணினியில் தமிழ் எழுத்தைக் காட்டலாம். ழகர, ளகர, லகர வேறுபாட்டைக் கேட்கச் செய்ய முடியாது. மாணவன் தன் ஒலிப்பைத் தானே பதிவு செய்து கேட்டுத் திருத்திக்கொள்ளும் வசதியை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்ததில் இவ்வட்டைக்குப் பெரும்பங்கு உண்டு.

அன்றைய பொருத்தும் கலை

இன்றைய பிள்ளைகள் அன்றைய பாட்டைக் கேட்டால் நம்பமாட்டார்கள். 1990களில் கோலாலம்பூர் இம்பி பிளாசாவிலோ சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கத்திலோ ஒலியட்டையை வாங்கி வருபவர், கணினிப் பெட்டியைத் திருகாணி கழற்றித் திறந்து, தாய்ப்பலகையின் நீண்ட பிளவில் அட்டையை அழுத்திப் பொருத்த வேண்டும். பின்னர் முகவரி 220, குறுக்கீட்டு எண் 5 அல்லது 7, நேரடி நினைவக வழி 1 என மூன்று எண்களை அட்டையின் சிறு முள்களிலும் கணினியின் தொடக்கக் கோப்பிலும் ஒன்றுபோல் அமைக்க வேண்டும். குறுக்கீட்டு எண் 7 வழக்கமாக அச்சுப்பொறிக்கு உரியது. அதையே ஒலியட்டைக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் கணினிக்குள் எந்த உறுப்பு யாரோடு எப்படிப் பேசுகிறது என்பதை ஒரு தலைமுறை இளைஞர்கள் இதன் வழியாகவே கற்றார்கள். விண்டோஸ் 95 வந்தபின் இவ்வெண்களைக் கணினியே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது.

இரண்டு, நான்கு, ஆறு

ஒலியட்டையின் வளர்ச்சி விரைவாக நிகழ்ந்தது. 1991இல் 'சவுண்ட் பிளாஸ்டர் புரோ' இருவழி ஒலியைத் தந்தது. 1992இல் 'சவுண்ட் பிளாஸ்டர் 16' குறுந்தட்டுத் தரத்தை எட்டியது. 1993இல் கிரியேட்டிவ், 'ஈ-மு சிஸ்டம்ஸ்' என்னும் அமெரிக்க இசைக்கருவி நிறுவனத்தை வாங்கியது. அவ்விசைக்கருவிப் பொறியாளர்களின் சில்லைக் கொண்டே 1998இல் 'சவுண்ட் பிளாஸ்டர் லைவ்!' பிறந்தது. நான்கு ஒலிபெருக்கிகளை அது இயக்கியது. குகை, கூடம், குளியலறை என ஒவ்வோர் இடத்துக்கும் உரிய எதிரொலியைக் கணித்துச் சேர்த்தது. குறுவட்டுத் திரைப்படங்களான டிவிடி பரவிய காலமாதலால், 2000இல் இவ்வட்டையின் 5.1 வடிவமும் வந்தது. திரையரங்கில் மட்டும் இருந்த ஆறு ஒலிபெருக்கிகள் மேசையைச் சுற்றி வந்து அமர்ந்தன. 2003க்குள் எட்டு வழிகள் கொண்ட 7.1 அட்டைகளும் கடைக்கு வந்துவிட்டன.

வரலாற்றை எழுதும்போது ஒரு பக்கத்தை மட்டும் எழுதலாகாது. இரண்டே ஒலிபெருக்கிகளிலும் தலைச்செருகியிலும் முப்பரிமாண ஒலியை உணர்த்தும் திறம்பட்ட முறையை ஆரியல் என்னும் அமெரிக்க நிறுவனம் வைத்திருந்தது. காப்புரிமை மீறல் என்று அதன் மீது கிரியேட்டிவ் 1998இல் வழக்குத் தொடர்ந்தது. 1999 டிசம்பரில் ஆரியல் வென்றது. ஆனால் வழக்குச் செலவு அந்நிறுவனத்தின் நலிவை விரைவுபடுத்தியது. 2000இல் அது நொடித்துவிட, அதன் உடைமைகளைக் கிரியேட்டிவே வாங்கியது. இசையார்வத்தில் தொடங்கிய நிறுவனமும் வணிகப் போரில் கடுமையாகவே நடந்துகொண்டது என்பதையும் மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

துளைகளின் வண்ணமும் ஒலிபெருக்கிகளின் இடமும்

குவாட்ரஃபோனிக் முறை பொதுத்தரம் இன்மையால் அழிந்ததை மேலே கண்டோம். கணினி உலகம் அத்தவற்றைத் தவிர்த்தது. மைக்ரோசாப்டும் இன்டெலும் வகுத்த 'பிசி 99' நெறிமுறை, துளைகளுக்குப் பொதுவான வண்ணங்களைப் பரப்பியது. காலப்போக்கில் நிலைபெற்ற வழக்கம் வருமாறு:

1. பச்சை: முன்னிட, முன்வல ஒலிபெருக்கிகள், தலைச்செருகியும் இதிலேயே.
2. கறுப்பு: பின்புற ஒலிபெருக்கிகள்.
3. ஆரஞ்சு: நடு ஒலிபெருக்கியும் சப்ஊஃபரும்.
4. சாம்பல்: 7.1 அமைப்பில் பக்கவாட்டு ஒலிபெருக்கிகள்.
5. இளஞ்சிவப்பு: ஒலிவாங்கி.
6. நீலம்: வெளிக்கருவியிலிருந்து ஒலியை உள்வாங்க.

மூன்றே துளைகள் உள்ள பல கணினிகளில், 5.1 என்று அமைத்தவுடன் நீலத் துளை பின்புற ஒலிபெருக்கிகளுக்கும், இளஞ்சிவப்புத் துளை நடு ஒலிபெருக்கிக்கும் சப்ஊஃபருக்கும் மாறிவிடும். இதை அறியாமல் கணினி பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்வோர் உண்டு.

விண்டோஸ் கணினியில் ஒலி அமைப்புப் பலகத்தைத் திறந்து, ஒலிபெருக்கியைத் தேர்ந்து, 'கன்ஃபிகர்' என்னும் பொத்தானை அழுத்தி, 5.1 என்று குறிக்க வேண்டும். அங்கேயே சோதனைப் பொத்தானும் இருக்கும். ஒவ்வோர் ஒலிபெருக்கியும் தன் முறைக்கு ஒலிக்கும். படத்தில் பின்னிடம் ஒளிரும்போது முன்வலம் ஒலித்தால் கம்பி மாறியுள்ளது என்று பொருள். பழைய பாடல் ஒன்றைப் போட்டால் முன்னிரண்டு மட்டுமே ஒலிக்கலாம். பாடலே இருவழியில் பதிவானதால் அது குறையன்று.

ஒலிபெருக்கிகளை எங்கே வைப்பது? இதற்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை உண்டு. கேட்பவரை வட்டத்தின் மையமாகக் கொள்க. நடு ஒலிபெருக்கி நேர் எதிரே. முன்னிரண்டும் அதற்கு இருபுறமும் 30 பாகையில். பின்னிரண்டும் 100 முதல் 120 பாகைக்குள். அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால். ஐந்தும் ஒரே தொலைவில் இருப்பது நலம். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று மில்லிநொடி ஆகும். ஒரு பெட்டி மட்டும் அருகில் இருந்தால் அதன் ஒலி முந்திக்கொண்டு வந்து, மொத்தக் காட்சியையும் தன் பக்கம் இழுத்துவிடும். தாழ்ந்த ஒலியின் திசையைச் செவி எளிதில் உணராது. எனவே சப்ஊஃபரைத் தரையில் வசதியான இடத்தில் வைக்கலாம்.

வடிவியலும் இயற்பியலும் இசையும் ஒரே மேசையில் சந்திக்கும் பாடம் இது.

அட்டை மறைந்த காலம்

1997இல் இன்டெல் வகுத்த 'ஏசி 97' நெறிமுறையால் ஒலிச்சில்லைத் தாய்ப்பலகையிலேயே மலிவாகப் பொருத்த முடிந்தது. 2004இல் வந்த அடுத்த நெறிமுறை எட்டு வழிகள் வரை இடமளித்தது. 2007 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலிக் கணக்குகளைத் தனியட்டை செய்துவந்த வழக்கமான பாதையை அடைத்தது. செயலியின் வேகம் பெருகிவிட்டமையால் தனியட்டை பெரும்பாலோர்க்குத் தேவையற்றதாயிற்று. இன்று எச்.டி.எம்.ஐ. என்னும் ஒரே கம்பியில் படமும் பல்வழி ஒலியும் சேர்ந்தே செல்கின்றன. தனி ஒலியட்டையை நாடுவோர் இசைப்பதிவாளரும் ஆர்வலரும் விளையாட்டுப் பிரியருமே.

சிம் வோங் ஹூ ஓய்ந்துவிடவில்லை. கேட்பவரின் காதையும் முகத்தையும் ஒளிப்படம் எடுத்து, அவருடைய செவிக்கேற்பத் தலைச்செருகியிலேயே அறைமுழுதும் சூழும் ஒலியைத் தோற்றுவிக்கும் 'சூப்பர் எக்ஸ்-ஃபை' தொழில்நுட்பத்தை 2018இல் அவர் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. 2023 ஜனவரி 4ஆம் நாள், தம் 67ஆம் வயதில் அவர் மறைந்தார்.

நம் பிள்ளைகளுக்கு

1999இல் வெளியிட்ட தம் நூலில் சிம் ஒரு கருத்தை முன்வைத்தார். அமெரிக்காவில் கூடாது என்னும் பலகை இல்லாத இடமெங்கும் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். சிங்கப்பூரிலோ திருப்பலாம் என்னும் பலகை இருந்தால்தான் திருப்பலாம். அனுமதி எழுதி ஒட்டப்படாத எதையும் செய்யத் தயங்கும் மனப்போக்கு இதனால் வளர்கிறது என்று அவர் வருந்தினார். அவருடைய இக்கருத்து சிங்கப்பூரில் நெடுங்காலம் பேசப்பட்டது; இன்றும் பேசப்படுகிறது.

சாலை விதியை விடுங்கள். நம் வீட்டிலும் வகுப்பறையிலும் இத்தகைய பலகைகள் எத்தனை? உறுமி மேளம் அடிக்கும் பையனை அறிவியல் புதிர்ப்போட்டிக்கு யாரும் அழைப்பதில்லை. கணிதத்தில் சிறந்த பெண் வீணை கற்க விரும்பினால், தேர்வு முடியட்டும் என்கிறோம். மலேசியாவில் நான்காம் படிவத்தில் இருந்த அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்னும் பாகுபாடு 2020 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. நம் மனத்தில் உள்ள பாகுபாட்டைக் கல்வி அமைச்சால் எடுக்க இயலாது. அது நம் வேலை.

சௌனிங் தாளக்காரர். மேத்யூஸ் வயலின்காரர். பிரெவெல் இசைப் பேராசிரியர். சிம் மவுத் ஆர்கன் வாசித்த தொழிற்கல்லூரி மாணவர். இவர்களிடம் யாராவது இசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அவர்களும் அதைக் கேட்டிருந்தால், கணினி இன்னும் சில காலம் 'பீப்' என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்திருக்கும். இசை பயின்ற பிள்ளைகள் எல்லாரும் கண்டுபிடிப்பாளர் ஆவர் என்று நான் கூறவில்லை. எந்தப் பிள்ளை ஆகும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியாது. ஆகவே வாயிலை அடைக்கும் உரிமை நமக்கில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு முயற்சியைப் பரிந்துரைக்கிறேன். செலவில்லாதது. அறிவியல் ஆசிரியரும் இசை கற்பிப்பவரும் சேர்ந்து ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவனைக் கண்ணை மூடி நடுவில் அமரச் செய்க. மற்றவர்கள் சுற்றி நின்று ஒருவர் மாற்றி ஒருவர் மெல்லக் கைதட்டட்டும். அவன் திசையைச் சுட்டட்டும். பின்னர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மீண்டும் முயலட்டும், தடுமாறுவான். ஏன் தடுமாறினான் என்று வகுப்பைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடைகளைக் கரும்பலகையில் எழுதிய பிறகு, கணினியின் பின்புறத்தைத் திருப்பி, அந்த வண்ணத் துளைகளைக் காட்டுங்கள்.

பெற்றோர்க்கும் ஒன்று. பிள்ளை பழைய ஒலிபெருக்கியைப் பிரித்துப் பார்க்க விரும்பினால், மின்கம்பி செருகப்படவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துவிட்டு, திருகாணிக் கோலை அதன் கையில் கொடுங்கள்.